நைஜல் சாருக்கு எல்லாம் தெரியுமாம்

விக்டோரியாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று முதலில் சொன்னது விக்டோரியா இல்லை, ஹெச்.ஆர். மேனேஜர் அன்புசெல்வன்தான். புது பிரஸ் மிஷினை மாட்டிக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து இறங்குகிற நேரம் பார்த்து, அவரோடு பேசவேண்டிய மெயின்டனன்ஸ் இன்ஜினியர் டெங்குவில் படுத்துவிட்டார். பொன்னேரியில் ஆறு மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் படித்ததாக விக்டோரியாவின் பயோடேட்டாவில் இருந்தது. போனது நாலு மாதம்தான். அதை அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்தது. கார் கதவுக்குள் போகிற தகட்டுத் துண்டுகளை அடித்து வளைப்பது அதன் வேலை. வளைந்து வருகிற ஒவ்வொன்றையும் அளந்து, சரியானதை ஒரு டிரேயிலும் சரியில்லாததை இன்னொரு டிரேயிலும் போடுவது விக்டோரியாவின் வேலை. ஏழு வருடமாக இதையே செய்து செய்து அவள் பேச்சும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று ஆகிவிட்டதாக அவள் புருஷன் தானியேல் குறைப்படுவான்.

வந்து சேர்ந்த நைஜல் நேர்மாறு. ஆறடி உயரம், நல்ல மனிதர், ஆனால் எதையும் அடித்துச் சொல்லமாட்டார்.

முதல் நாள், மிஷினைத் தரையோடு பிடிக்கிற போல்ட்டைப் பார்த்துவிட்டு மூத்த ஆப்பரேட்டர் தணிகாசலம் கேட்டார்: "இம்மாம் பெரிய மிசினு, இந்த போல்ட்டு தாங்குமான்னு கேளும்மா."

விக்டோரியா கேட்டாள். "இட் ஆட் டு" என்றார் நைஜல்.

'ஆட் டு' என்றால் கடமை. பொன்னேரியில் படித்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பெற்றோரை மதிக்க வேண்டும், மரம் நட வேண்டும். "தாங்கறது அதோட கடமையாம் ணா" என்றாள்.

தணிகாசலம் போல்ட்டை மரியாதையோடு பார்த்தார்.

மதியம் கேன்டீன் முத்தம்மா வந்து நின்றாள். "பழவேற்காட்டு நண்டு வந்துகீது. கொழம்பு வெச்சா தொரை சாப்புடுவாரா?"

நைஜல் தலையை ஆட்டாமல், புன்னகையோடு, "ஐ'ம் அஃப்ரெய்ட் நாட்" என்றார்.

"பயமெல்லாம் இல்லியாம். சாப்புடுவாராம்."

பயமில்லாதவருக்கு ஏற்ற காரத்தோடு முத்தம்மா குழம்பு வைத்தாள். நைஜல் இலையைப் பார்த்தார், சுற்றி நின்று பார்க்கிற இருபது முகங்களைப் பார்த்தார், சாப்பிட்டார். மூக்கும் காதும் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. "எம்மாம் ஆசையா துன்றாரு பாரு" என்று முத்தம்மா இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

இரண்டு நாளில் விக்டோரியாவின் மதிப்பு கம்பெனியில் ஏறிவிட்டது. காலை நாஷ்டாவுக்கு அவளுக்கென்று வடை தனியாக எடுத்து வைத்தார்கள். அவளுக்கே தன் இங்கிலீஷ் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

மூன்றாம் நாள் டீ நேரத்தில் குணா வந்தான். பழைய பிரஸ்களில் வேலை செய்கிற பதினோரு கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன். தணிகாசலம் உட்பட மற்ற பத்துப் பேரும் பின்னால் நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை.

"விக்டோரியா, ஒண்ணே ஒண்ணு கேட்டு சொல்லு. இந்த மிசினு ஓட ஆரம்பிச்சா எங்கள ஊட்டுக்கு அனுப்பிடுவாங்களா? ராத்திரியில தூக்கமே வர்ல."

விக்டோரியா வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கிக் கேட்டாள். நைஜல் டீ கிளாஸைக் கீழே வைத்தார். சங்கடமாக நெளிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வெல், ஐ ஷுடின்ட் திங்க் ஸோ. ஃபார் ஆல் ஐ நோ, தே மைட் நீட் மோர் பீப்பிள்."

விக்டோரியா ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தாள். முகம் மலர்ந்தது.

"அப்படி நெனைக்கவே கூடாதுங்கறாரு. எனக்கு எல்லாம் தெரியும், இன்னும் ஆளு எடுப்பாங்கங்கறாரு!"

குணா நைஜலின் கையைப் பிடித்துக் குலுக்கினான். யாரோ விசில் அடித்தார்கள். தணிகாசலம் அங்கேயே போனை எடுத்து ஊத்துக்கோட்டை மாமனாரிடம் பேசினார். "நைனா, ஆளு எடுக்கறாங்கோ. லண்டன்காரரே சொல்லிட்டாரு. சுமலதாவ சர்ட்டிபிகேட்டோட காலைல அனுப்பு."

ஊத்துக்கோட்டையில் ஒருவருக்குச் சொன்னால் சந்தைக்கே சொன்ன மாதிரி. மறுநாள் காலை எட்டு மணிக்கு மூன்று ஷேர் ஆட்டோ வந்து கம்பெனி கேட்டில் நின்றது. தணிகாசலத்தின் மச்சினி சுமலதாவோடு இருபத்தாறு பேர். எல்லார் கையிலும் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் மார்க் ஷீட். ஒருவர் மாலையும் கொண்டுவந்திருந்தார், யாருக்கென்று அவருக்கே தெரியவில்லை.

அன்புசெல்வன் விக்டோரியாவையும் நைஜலையும் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஆளு எடுக்கறோம்னு யாரும்மா சொன்னது?"

"நைஜல் சார்தான் சார். எல்லாம் தெரியும்னு சொன்னாரு."

அன்புசெல்வன் அதை இங்கிலீஷில் கேட்டார். நைஜலின் முகம் நண்டு தின்ற நாளைவிடச் சிவந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். 'ஃபார் ஆல் ஐ நோ' என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்றில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் அதுவும் நடக்கலாம் என்று அர்த்தம். 'ஷுடின்ட் திங்க் ஸோ' என்றால் அப்படி இருக்காது என்று ஓர் ஊகம். அவ்வளவுதான்.

விக்டோரியா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அந்த 'ஆட் டு'?"

தாங்கும் என்று எதிர்பார்க்கிறேன் என்று அர்த்தம்.

"'அஃப்ரெய்ட் நாட்'?"

மன்னிக்கணும், சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம்.

அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நைஜலோ மேஜையில் கவிழ்ந்து சிரித்தார். அந்தக் குழம்பு ஏன் வந்தது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தாராம்.

ஆனால் பதினோரு பேர் சிரிக்கிற நிலையில் இல்லை. அவளே போய்ச் சொல்லவேண்டும். மிஷின்கள் ஓடுகிற ஷாப்ஃப்ளோருக்கு நடந்தாள்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணுமே தெரியாதாம்" என்றாள். கண் கலங்கிவிட்டது.

குணாதான் வாயைத் திறந்தான். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு இத்தினி வார்த்த?"

"அவங்க ஊருல அப்படித்தானாம். நேரா சொன்னா மரியாதை இல்லியாம்."

"நம்மூர்ல 'இன்னாத்த கண்டேன்'னா முடிஞ்சிது" என்றார் தணிகாசலம். "உன்ன சொல்லி இன்னாம்மா பண்றது. தெரிஞ்சவங்க யாரோ அவங்களையே கேப்போம், வா. நீயும் வா."

பதினோரு பேரும் அவளும் அன்புசெல்வன் ரூமில் நின்றார்கள். கேட்டில் இருபத்தாறு பேர் நிற்பது அந்த ஜன்னல் வழியே நன்றாகத் தெரிந்தது. நைஜலும் ஓரமாக இருந்தார். அன்புசெல்வன் டையைச் சரிசெய்துகொண்டு, "ஆஸ் ஆஃப் நவ், டு த பெஸ்ட் ஆஃப் மை நாலெட்ஜ், தேர் இஸ் நோ ஸச் பிளான்" என்றார்.

எல்லோரும் விக்டோரியாவைப் பார்த்தார்கள். இப்போது அவள் அவசரப்படவில்லை. நைஜலிடம் திரும்பி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"ஊட்டுக்கு அனுப்பற திட்டம் இல்லியாம். ஆனா அது இப்போதிக்கு. அதுவும் சாருக்குத் தெரிஞ்ச வரைக்கும். நாளிக்கு அனுப்பிட்டா, எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவாரு."

"நான் அப்படியா சொன்னேன்?" என்றார் அன்புசெல்வன்.

"அப்ப தமிழ்லயே சொல்லிடுங்க சார்."

அன்புசெல்வன் தொண்டையைச் செருமினார். "பாக்கலாம்பா."

பதினோரு பேரும் ஒரே மூச்சில் பெருமூச்சு விட்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. கல்யாணத்துக்கு லீவு கேட்டபோதும், ஃபேன் ரிப்பேர் கேட்டபோதும் அவர் சொன்ன அதே பாக்கலாம்.

விக்டோரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நைஜல் பக்கம் திரும்பினாள். இலக்கணமெல்லாம் பறந்துவிட்டது.

"சார். நியூ மிஷின். தீஸ் மென். யூ வான்ட்? எஸ் ஆர் நோ? நோ அஃப்ரெய்ட், நோ திங்க்."

நைஜல் வாயைத் திறந்தார், மூடினார். பழக்கதோஷத்தில் நெளிந்தார். பதினோரு பேரையும் ஒருமுறை பார்த்தார். தகட்டை வளைக்கிற அச்சை மாற்றத் தெரிந்த கைகள் அந்த ஷெட்டில் அவைதான். அது அவருக்கு மூன்று நாளாகவே தெரியும்.

"எஸ்" என்றார். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது போல மறுபடியும் சொன்னார். "எஸ். டெஃபினிட்லி." இவர்களில் ஆறு பேர் இல்லாமல் இந்த மிஷினை ஓட்டிக் காட்டி, தயார் என்று கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் இங்கிலீஷில் சொன்னார்.

அந்த 'டெஃபினிட்லி'யை அன்புசெல்வன் ஜி.எம்.முக்குப் போனில் சொன்னார். திங்கட்கிழமை கஸ்டமர் மிஷினைப் பார்க்க வருகிறார். கேட்டில் கூட்டம் கலையவில்லை. ஜி.எம். அரை மணி நேரம் கத்தினார், பிறகு யோசித்தார். மாலை நாலு மணிக்கு நோட்டீஸ் ஒட்டப்பட்டது: ஆறு பேருக்குப் புது மிஷினில் பயிற்சி, ஐந்து பேர் பேக்கிங் பிரிவுக்கு, ஒரு வருடத்துக்கு வேலை உறுதி. சுமலதாவையும் இன்னும் ஒருவரையும் பேக்கிங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்களை முத்தம்மா டீ கொடுத்து அனுப்பினாள். கொண்டுவந்த மாலை கேட் பக்கத்து முனியீஸ்வரன் கோயிலுக்குப் போயிற்று.

குணா நோட்டீஸின் கடைசி வரியில் விரல் வைத்தான். அது மட்டும் இங்கிலீஷில், பொடி எழுத்தில் இருந்தது. "இது இன்னா?"

விக்டோரியா இரண்டு முறை படித்தாள். "'கம்பெனி தேவைக்கு உட்பட்டது'ன்னு போட்டுகீது."

"அப்படின்னா?"

"அப்படின்னா..." அவள் நேராகவே சொன்னாள். "வேணாம்னா மாத்திக்குவாங்க."

தணிகாசலம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலே தமிழில் இருந்த வரியை மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார்.

"ஒரு வருஷம்னு போட்டுகீதா? அது வரிக்கும் நம்மள விட்டு எவன் அச்சு மாத்தறான்னு பாத்துக்கலாம். வா, அந்த ஆளு காத்துகினு கீறாரு."

ஆறு பேரும் புது மிஷின் பக்கம் போனார்கள். விக்டோரியா ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நைஜல் வாயைத் திறப்பதற்கு முன்னால் பிடித்தாக வேண்டும்.