கூரைக்கண்ணாடியின் உள்பக்கம்

மாடியறைக்கு வெளிச்சம் வராவிட்டால் கடைத்தெருவில் ஓர் அறை பிடித்துவிடுவது என்று தையற்காரி முடிவு செய்திருந்தாள். அவளுக்குக் கண் முன்போல் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் நீலத் துணிக்குக் கறுப்பு நூல் போட்டுவிட்டு, வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அவள் கடைக்குப் போய்விட்டால் கீழே படுக்கையில் கிடக்கும் மாமனாரை யார் பார்ப்பது? நாத்தனார் அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். வருவாள், குறை சொல்வாள், போவாள்.

வீடு நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. பாரம்பரியக் கட்டடம் என்று அரசு பாதுகாக்கும் வீடு என்பதால் அதில் ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும். மாடியறைக் கூரையிலிருந்த கண்ணாடிச் சட்டம் துருப்பிடித்து ஒழுகியதும், அவள் புருஷன் அகலமாக ஒரு புதுக் கண்ணாடியை வாங்கி மாட்டினான். அது ஓட்டுக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது.

"கூரைமேல பெட்டிய கட்டி வெச்சிருக்கீங்களே, எந்த ஊருக்குப் பயணம்னு தெருவே கேக்குது அண்ணி" என்றாள் நாத்தனார்.

பாரம்பரியக் கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரியும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, கழற்றச் சொல்லிவிட்டார். பழைய அளவு, மெல்லிய இரும்புச் சட்டம், நடுவில் ஒரு கம்பி, ஓட்டோடு ஓடாகப் படிந்திருக்க வேண்டும், அதற்குத்தான் அனுமதி.

இரும்புப் பட்டறைக்காரர் அச்சு அசலாக அப்படியே செய்து பொருத்தினார். தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. உள்ளேதான் வயிற்றெரிச்சல். தரையில் கைக்குட்டை அளவுக்கு வெயில் விழுந்தது, அவ்வளவுதான்.

தையற்காரி அதன் கீழே மல்லாந்து படுத்துப் பார்த்தாள். போன வருஷம் வெக்கை இறங்காமலிருக்க அவளும் புருஷனுமே கூரைக்கடியில் பஞ்சு திணித்துப் பலகை அடித்திருந்தார்கள். கண்ணாடியைச் சுற்றி நாலு பக்கமும் செங்குத்தாகப் பலகை. கிணற்றுக்குள்ளிருந்து வானம் பார்ப்பது போலிருந்தது. பாவாடையின் இடுப்பைத் தொடாமல் கீழே மட்டும் விரிக்க முடியாதா என்ன?

பலகையைக் கீழே அகலும்படி சரித்து அடிக்கத் தச்சரிடம் சொன்னாள். பக்கவாட்டில் கூரையைத் தாங்கும் கைமரம் இருக்கிறது, அதில் உளி வைத்தால் கூரை தலையில் இறங்கும் என்றார் அவர். மேல்பக்கப் பலகையையும் கீழ்ப்பக்கப் பலகையையும் மட்டும் சரிக்கலாமாம். உள்ளே அடித்தது புதுப் பலகைதானே என்று அதிகாரியும் தலையாட்டினார்.

வேலை முடிந்த மறுநாள் காலை, வெயில் ஒரு பாய் நீளத்துக்கு விழுந்தது. மிஷினைக் குறுக்கே திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஊசிமுனை தெளிவாகத் தெரிந்தது. ஆனால் உச்சிப்பொழுதுக்குள் வெயில் நகர்ந்து சுவரேறிவிட்டது.

அடுத்த நாள் நாத்தனார் பார்க்க வந்தாள். "பரவாயில்லையே அண்ணி, இனிமே வீட்டவிட்டுப் போக வேண்டாம்" என்றாள்.

"போகல. ஆனா வெளிச்சம் இருக்கிறப்ப கீழ எறங்க மாட்டேன். காலையில அப்பாவ நீ வந்து பாத்துக்கோ."

"தெனமுமா?"

"வெயில் அடிக்கிற அன்னிக்கெல்லாம்."

நாத்தனார் அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடியில் ஒரு துண்டு மேகம்கூட இல்லை.