பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஜன்னலோர சீட்டும், கவரைப்பேட்டை வரை வாய் திறக்காத பக்கத்து ஆளும்தான். இரண்டும் ஒரே நாளில் கிடைத்ததே இல்லை. அன்றைக்கு நந்தினி வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்த கையோடு போனைத் திறந்தாள். ஊரெல்லாம் ராத்திரி பார்த்துவிட்டுத் தூங்கிய 'ராத்திரி ராட்டினம்' டிவி காமெடி நிகழ்ச்சியை நாங்கள் காலையில்தான் பார்ப்போம். விடிய விடியப் பெயிண்ட் டப்பாவுக்கு மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சலித்த கண்ணுக்கு அதுதான் நாஷ்டா.

"இது மூஞ்சியப் பாரு. சிரிக்கறதுக்குக்கூட யாருகிட்டயோ பெர்மிஷன் கேக்கற மாதிரி கீது" என்றாள் நந்தினி.

பின் சீட்டிலிருந்து கன்னியம்மா அக்கா எட்டிப் பார்த்தாள். "சந்துரு அண்ணன் இந்த ஷோவ நடத்தினப்போ அவரு வந்து நின்னாலே சிரிப்பு வரும். இவள எங்கிருந்து புடிச்சாங்க? டீச்சரம்மா மாதிரி பேசிக்கினு... பேஜாரு."

நந்தினி கமெண்டுகளை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். சந்துரு அண்ணனைத் திரும்பக் கூப்பிடு. இந்தப் பொண்ணு நியூஸ் வாசிக்கப் போகலாம். எங்க வீட்டு மிக்சி இதைவிட நல்லா ஜோக் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் பஸ் சிரித்தது. நிகழ்ச்சிக்கு வராத சிரிப்பு, அதைத் திட்டுவதற்கு நன்றாகவே வந்தது.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூஞ்சி என் தங்கச்சி கிறிஸ்டினாவின் மூஞ்சி. டிவிக்காக முடியைத் தோள் வரை வெட்டிக்கொண்டு 'டினா' ஆகியிருந்தாள். பஸ்ஸில் யாருக்கும் இது தெரியாது. முதல் வாரமே சொல்லிவிடலாம் என்று ஆசை ஆசையாக இருந்தேன். அதற்குள் இவர்கள் வாயில் விழுந்துவிட்டாள், இனி எந்த முகத்தோடு சொல்வது? எரிச்சலாக வந்தது. நந்தினி பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் சொன்னது உண்மையாக இருந்ததுதான் தாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் கிறிஸ்டினா வாயைத் திறந்தால் தெருவே வந்து நிற்கும். பாஸ்டர் இருமுவது, எதிர்வீட்டு முத்தம்மா சண்டைக்கு நடுவில் நின்று மூச்சு வாங்குவது, எல்லாம் அப்படியே செய்து காட்டுவாள். அந்த வாயைச் சென்னைக்குக் கொண்டுபோய், இஸ்திரி போட்டு, டிவியில் மாட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். நான் துணி மடித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டேன். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறாங்களாம்க்கா. கமெண்ட்டு இப்டியே போச்சுன்னா வேற ஆளப் போட்ருவாங்களாம்" என்றாள். இத்தனை வருஷம் ரேடியோவிலும் கல்யாண மண்டபத்திலும் மைக் பிடித்துப் பிடித்துப் பிடித்த இடம் அது. குரல் உடைந்துபோயிருந்தது. எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம், தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா பெயர் பாக்கியநாதன். சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே சங்கத்தின் கிளைச் செயலாளர். கேன்டீன் சாம்பாரில் பல்லி கிடந்தாலும் சரி, பஸ் ஸ்டாப்பில் நிழலுக்குக் கூரை இல்லாவிட்டாலும் சரி, அவரிடம் இருப்பது ஒரே மருந்துதான். ஒரே வாசகத்தை எல்லோரும் தனித்தனி மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருத்தன் எழுதினால் அது புலம்பல், அதையே அத்தனை பேரும் எழுதினால்தான் கோரிக்கை என்பார். அந்த மருந்து பல தடவை வேலை செய்தும் இருக்கிறது, அதுதான் வினை.

"இந்தக் கமெண்ட்டுன்றத யாரு வேணா எழுதலாமா?" என்று கேட்டார்.

"போன் இருக்கறவன் எவன் வேணா எழுதலாம் நைனா" என்றேன். அவர் சாப்பாட்டை முடிக்காமலே எழுந்து கை கழுவினார்.

இரண்டு நாள் கழித்து நிகழ்ச்சி வீடியோவுக்குக் கீழே பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 'செல்வி டினா அவர்கள் தொகுத்து வழங்கும் நிகழ்ச்சி தொடர்ந்து நடைபெற ஆவன செய்யுமாறு நிர்வாகத்தைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' அதற்குக் கீழேயும் அதே. அதற்கும் கீழே அதே. தள்ளத் தள்ள விரல்தான் வலித்தது, வாசகம் மாறவில்லை. நடுநடுவே மற்ற ஆட்கள் புகுந்து விளையாடியிருந்தார்கள். காசு குடுத்து ஆள் எறக்கிட்டாங்க டோய். ஒரே ஆளு நூறு போன் வச்சிருக்கான். தலைக்கு எவ்வளவும்மா டினா, நாங்களும் வரோம்.

அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா பண்ணி வெச்சிக்கிற நைனா?"

"மூணு ஷிப்டும் எழுதியாச்சு" என்றார். முகம் பளபளவென்று இருந்தது. "என்கூட வேல செய்யற அப்பாவு கீறானே, அவன் பேருதான் அப்பாவு, தமிழ் டைப் பண்ண வராது. அவனுக்கு நானே பண்ணிக் குடுத்தேன்."

"எல்லாரும் ஒண்ணையேவா எழுதுவாங்க? ஆளுக்கு ஒண்ணு எழுதச் சொல்லக் கூடாதா?"

"ஆளுக்கு ஒண்ணு எழுதினா அதுக்குப் பேரு கூச்சல்மா."

"அவ காசு குடுத்து எழுத வெச்சான்னு சொல்றாங்க நைனா."

"எவன் வாங்கினான் காசு?" என்று அவர் கத்தினார். "ஒருத்தனுக்கு டீகூட வாங்கித் தரல நான். கேட்டதும் எழுதினாங்க." அவருக்குப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அழித்துவிடச் சொன்னேன். பாதிப் பேருக்குத் தாங்கள் எழுதியது எங்கே போனதென்றே தெரியவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த நிகழ்ச்சியை வீட்டில்தான் பார்த்தோம். எனக்கும் அப்பாவுக்கும் அன்று லீவு. காலையில் காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திரையில் கிறிஸ்டினா வந்தாள். பின்னால் அந்தக் கமெண்டுகள் வரிசையாகத் தெரிந்தன, பெயர்களை மறைத்திருந்தார்கள். அவள் தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டாள். தொண்டையை இரண்டு தடவை செருமினாள். காகிதத்தைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "செல்வி டினா அவர்கள்" என்று ஆரம்பித்தாள். 'நிர்வாகத்தை' என்ற இடத்தில் நிறுத்தி, இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்தாள். கேட் மீட்டிங்கில் அப்பா பார்க்கும் அதே பார்வை. அதே குரல், அதே இழுவை. படித்து முடித்துக் காகிதத்தை இறக்கினாள்.

"யோவ், யாருய்யா நீங்கல்லாம்? ஊட்ல பொண்டாட்டிகிட்ட சோறு கேக்கறதுக்கும் மனுதான் குடுப்பீங்களா? 'ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கினு...' அதுக்குள்ள சோறு ஆறிப்பூடும்யா!"

அரங்கம் வெடித்தது. முதல் தடவையாக அவள் எங்கள் வாசலில் பேசுகிற மாதிரிப் பேசினாள். நானும் சிரித்தேன். அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுத்தான் அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். விளம்பரம் வந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. காபியை அவர் தொடவே இல்லை.

பத்து மணிக்குள் போன் வந்தது. "அக்கா, பாத்தியா?" என்று கத்தினாள். "எவனோ ஒரே கமெண்ட்டப் போட்டுத் தொலச்சிட்டான். எவ்ளோ டப்பு குடுத்தேன்னு சேனல்ல என்ன நிக்க வெச்சுக் கேட்டாங்க தெரியுமா? அழுகையே வந்திரிச்சி. அதயே ஷோல படிக்கறேன்னு சொல்லிட்டேன். மனு படிக்கற கொரலு எனக்கு நைனாத விட்டா வேற எது தெரியும்? நைனா கோச்சிக்கினாரா?"

அந்த வாசகமும் நைனாதுதாண்டி என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"நல்லாயிருந்திச்சிமா. என்ன அப்டியே உரிச்சி வெச்சிட்ட."

"தெனமும் அத பண்ணச் சொல்றாங்க நைனா. அந்த ஆளுங்க மறுபடி எழுதணும், அதான். எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க" என்றார் அப்பா.

போனை வைத்ததும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. "சொல்லியிருக்கலாம் இல்ல? நாறடிக்கறது உன் மனுவதான்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா அவளுக்கு அது வாயில வருமா?" என்று கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் எனக்கு இரண்டாவது ஷிப்ட். மத்தியான பஸ்ஸில் நந்தினி, "டினா செம இல்ல? நான் மொதல்லயே சொன்னேன், இவகிட்ட விஷயம் கீதுன்னு" என்றாள். கன்னியம்மா அக்கா ஆமாம் போட்டாள். சந்துரு அண்ணனைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. என்ன ஜென்மங்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

சிப்காட்டுக்குள் அப்பாவின் கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. லேட்டாக வருகிற பெண்களுக்காக எங்கள் பஸ் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். முதல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்து நின்றிருந்தார்கள். நடுவில் அப்பா. அவருக்கு எதிரே அப்பாவு மாமா, கையில் போனோடு, முகம் சிவந்து.

"என் பேத்தி என் முன்னாடியே அதப் போட்டுக் காட்டி சிரிக்குது பாக்கியம். கேலி பண்றதுக்கு நாமளே எழுதித் தரணுமா?"

"ஆமா."

"இது ஒரு கோரிக்கையா?"

"எழுது அப்பாவு" என்றார் அப்பா. கெஞ்சலா அதட்டலா என்று சொல்ல முடியாத குரல். அப்பாவு மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைத் திறந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

அப்பா தொண்டையை இரண்டு தடவை செருமினார். காகிதத்தைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார். "செல்வி டினா அவர்களின் நகைச்சுவைத் திறனை" என்று ஆரம்பித்து, 'நிர்வாகம்' வந்ததும் நிறுத்தி, இடமும் வலமும் பார்த்தார்.

நந்தினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏய், அந்தப் பெர்சப் பாருடி! டினா மாதிரியே பண்ணுது!"

பஸ் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்து சிரித்தது. சத்தம் கேட்டு அப்பா திரும்பினார். ஜன்னலில் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி காகிதம் தாழ்ந்தது. பிறகு அதை உயர்த்தி, பஸ்ஸுக்கும் கேட்கும்படி, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தார்.