கைக்கு முன்னால் கால்

கால் அழுத்தத்தை அளக்கிற தகடு ஒரு மேசையளவுதான் இருந்தது. அதில் ஏறி நின்றதும் சாங்கெங் திரையைப் பார்த்தான். சிவப்புக் கோடு லேசாக ஆடியது. மூச்சை இழுத்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. மூச்சையே கண்டுபிடிக்கிற கருவிக்குக் குதிப்பதைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

சீனாவின் ஹெனானில் அந்த வட்டாரம் முழுக்க அவனுடைய குரு து ஹுவாய்ஷானுக்கு, சீடர்கள் ஷிஃபு என்றழைப்பவருக்கு, பெயர் இருந்தது. தாய்ச்சி தற்காப்புக் கலையில் உள்விசை கைவந்தவர், விரல் பட்டால் ஆள் பறப்பான் என்பார்கள். பறக்கிறவர்கள் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பயிற்சிக் கூடத்துச் சுவரில் மெத்தை மாட்டியிருந்தது. அதில் அதிகம் மோதியது டிராக்டர் மெக்கானிக் சாங்கெங்கின் முதுகுதான்.

குருவை விழுந்து வணங்கி, தேநீர் கொடுத்து, சீடனாகச் சேர்ந்த அன்றே மூத்த சீடர் பாவ்லாய் அவன் காதில் ஓதிவிட்டார்: "ஷிஃபு கை பட்டா நீயே குதிச்சுப் பின்னால போயிடணும். மரம் மாதிரி நின்னா அவருக்கு மரியாதை இல்ல." அன்றிலிருந்து அவன் போய்க்கொண்டுதான் இருந்தான். மற்றவர்களும் அப்படித்தான். யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஷிஃபுவுக்கு இது தெரியாது.

"தகட்டுல பாதத்தோட அழுத்தம் சிவப்பா வரும். உங்க உள்ளங்கையில ஒட்டியிருக்கிற சென்சார் வில்லையோட அழுத்தம் நீலமா வரும்" என்று ஷிஃபுவிடம் சொன்னார், இதை அளந்து பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த லுவோ யூச்சிங். "ஒரு ஆள் பறந்தா அந்த விசை எங்கிருந்தாவது வந்தாகணும் இல்லையா."

"வரட்டும் லுவோ டீச்சர். எனக்கும் பாக்கணும்" என்றார் ஷிஃபு. இந்தச் சோதனைக்குச் சம்மதித்ததே அவர்தான்.

பாவ்லாய் சாங்கெங்கின் இடுப்புப் பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தார். "என்னடா, முகம் வெந்த முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு? வழக்கம்போலக் குதி. மிஷின் பழுதுன்னு நான் சொல்லிக்கிறேன்."

"கோடு காட்டிக்கொடுத்துடும் அண்ணே."

"நீ நின்னா மட்டும்? அவர் மானம் இங்கயே போயிடும். வீடியோ வேற எடுக்கிறாங்க."

குதித்தால் ஷிஃபுவின் வாழ்நாள் முழுக்கப் பொய்யாகிவிடும். நின்றால் பத்துப் பேர் முன்னால் தலைகுனிவு. யோசிப்பதற்குள் ஷிஃபுவின் கை நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. சாங்கெங்கின் கால் விரல்கள் தாமாகவே தகட்டைக் கவ்விக்கொண்டன.

கை அழுத்தியது. அவன் நகரவில்லை. இன்னும் அழுத்தியது. ஷிஃபுவின் புருவம் சுருங்கியது. சாங்கெங் மேலும் பலமாகத் தாங்கினான். அந்த நொடியில் நெஞ்சிலிருந்த கை காணாமல் போனது. அவன் முன்பக்கமாகச் சரிந்து ஷிஃபுவின் காலடியில் மண்டியிட்டு விழுந்தான்.

சீடர்கள் கைதட்டினார்கள். பாவ்லாய் யூச்சிங் பக்கம் திரும்பினார். "இப்ப சொல்லுங்க டீச்சர், இதுக்கு உங்க கணக்குல பேர் என்ன?"

"பேர் எடை. இவர் முன்னால தள்ளிக்கிட்டு இருந்தார், தாங்கின கை போயிடுச்சு, விழுந்தார். இதுல மர்மம் ஒண்ணும் இல்ல."

"எப்ப கையை விடணும்னு ஷிஃபுவுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

யூச்சிங் திரையைச் சுட்டினார். "அது இந்தத் தகட்டுல வராது. வேற கருவி இருந்தா வரும்னு நினைக்கிறேன். ஆனா இன்னைக்கு எங்கிட்ட பதில் இல்ல."

பாவ்லாய்க்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஷிஃபுவோ திரையையும் பார்க்கவில்லை, பாவ்லாயையும் பார்க்கவில்லை. சாங்கெங்கின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பின்னாலதானே போவே. இன்னைக்கு ஏன் நின்னே?"

சாங்கெங் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

"ஏறு. தினமும் செய்யிற மாதிரி செய்."

"ஷிஃபு, வந்த வேலைதான் முடிஞ்சுதே" என்று பாவ்லாய் குறுக்கே வந்தார்.

"நீ சும்மா இரு."

சாங்கெங் ஏறினான். கை வந்தது. அவன் பறந்து போய் மெத்தையில் மோதினான். இம்முறை ஒருவரும் கைதட்டவில்லை. திரையில் சிவப்பு முதலில் எகிறியிருந்தது. நீலம் அதற்குப் பின்னால் சின்ன மேடாகத் தெரிந்தது. கை அழுத்துவதற்கு முன்பே கால் உதைத்திருந்தது என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதைப் பதிவுலேர்ந்து எடுத்துடலாம்" என்றார் யூச்சிங், தாழ்ந்த குரலில்.

"இருக்கட்டும்." ஷிஃபு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "எப்பலேர்ந்துடா?"

"சேர்ந்த நாள்லேர்ந்து."

"நீ மட்டுமா?"

சாங்கெங் தலை குனிந்தான். பின்னால் நின்றவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் தன்னைச் சீடனே இல்லை என்று சொல்லிவிடுவார் என்று சாங்கெங் காத்திருந்தான். ஷிஃபு வில்லை ஒட்டிய உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்தார். வியர்த்திருந்தது. பிறகு மேல்சட்டையைக் கழற்றிப் பாவ்லாயின் கையில் திணித்தார்.

"வா. குதிக்காதே. விட்டும் கொடுக்காதே. எங்கிட்ட நிஜமா எவ்வளவு விசை இருக்குன்னு எனக்கே தெரியல."

சாங்கெங் மறுபடி தகட்டில் ஏறி நின்றான். இந்தத் தடவை அவன் திரையைப் பார்க்கவில்லை.