எட்டாவது விருப்பம்

காலேஜ் சீட்டில் அக்காவுக்கு முதல் விருப்பமே கிடைத்துவிட்டது என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் ஸ்பானர், சட்டையெல்லாம் ஈரம். யார் வீட்டுக் குழாயையோ பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். பரீட்சையில் அக்கா வாங்கிய மார்க் அவருக்கு மனப்பாடம், கேட்காதவர்களிடமும் சொல்வார். அடைப்பெடுக்கப் போகிற வீட்டிலெல்லாம் ஒரே பேச்சுதான். "பெரிய பொண்ணு டாக்டராகப் போகுது சார். சின்னது அதுக்கும் மேல." அதுக்கும் மேல என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, சின்னதாகிய எனக்கும் தெரியாது.

கிடைத்திருந்தது ரத்தப் பரிசோதனைக்கூட டெக்னீஷியன் படிப்பு. இரண்டு வருடம். அக்கா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். "அப்ப டாக்டருக்கு என் மார்க் பத்தல," என்று மட்டும் சொல்லிவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பொறும்மா, இது ஆரம்பம்தான். அடுத்தடுத்து வரும் பாரு," என்றார் அப்பா.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். அன்று அக்கா காய்ச்சலில் கண்ணைத் திறக்கவில்லை, கெடு அன்றோடு முடிகிறது. அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து வரிசை சொன்னார். டாக்டர் படிப்பைக் கடைசியில், எட்டாவதாகப் போடச் சொன்னார். அக்காவுக்கு இந்த வரிசை தெரியாது.

"அத மேல போட வேணாமாப்பா?"

"எடுத்த எடுப்புலயே பெருசா கேட்டா மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. மொதல்ல வாஷர் மட்டும் மாத்தணும்னு சொல்லணும். உள்ள விட்டுட்டாங்கன்னா அப்புறம் பைப்பையே மாத்தலாம்."

இருபது வருடமாக அப்படித்தான் வேலை பிடித்திருக்கிறார். அந்த வேலையில்தான் நாங்கள் இரண்டு பேரும் படித்தோம். எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது, இருந்தாலும் அவர் சொன்ன வரிசையிலேயே சப்மிட்டை அழுத்திவிட்டேன். பதினாறு வயதில் எனக்கு அவ்வளவுதான் புத்தி.

மூன்றாம் நாள் முழுப் பட்டியல் வந்தது. கடைசியாக டாக்டர் சீட்டு வாங்கிய ஆள் அக்காவைவிட இருபத்தொரு மார்க் குறைவு. திரும்பத் திரும்பப் பார்த்தேன். அடியில் விதி போட்டிருந்தார்கள்: மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள், முதலில் எது கிடைக்கிறதோ அதோடு நிறுத்திவிடுவார்கள். பிறகு மாற்ற முடியாது. அன்றைக்கே அதைப் படித்துத் தொலைத்திருக்கலாம்.

அப்பா வேலை செய்கிற வீட்டுக்கே போனேன். மாடியில் வாஷ்பேசினுக்கு அடியில் படுத்திருந்தார். கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஸ்பானர் நின்றது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களா?"

"குடுத்திருப்பாங்கப்பா."

"நான் நேர்ல போய்ப் பேசிப் பாக்கறேன். பேசுற விதமாப் பேசினா எப்பேர்ப்பட்ட ஆளும் எறங்கி வருவாங்க."

"பேச ஆளே இல்லப்பா. எல்லாம் கம்ப்யூட்டர் போடுறது."

"ஒரு ஆளுகூடவா இல்ல?"

அவர் வெளியே வரவில்லை. ஸ்பானர் மறுபடி திரும்பிற்று. கசிவை நிறுத்தி வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவர்மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன், வரவில்லை. களைப்பாக இருந்தது.

வழியில், "அழுத்தினது நான்தானே, நானே அக்காகிட்ட சொல்லிடறேன்," என்றேன்.

"நீ வாயத் தொறக்காத. நான் சொல்லிக்கிறேன்."

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அக்கா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு இன்றுதான் சீப்பைத் தொட்டிருக்கிறாள். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாகச் சேர்த்து வைத்தார். சாமான் பையை வெளியிலேயே இறக்கினார். கையைப் பேண்ட்டில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, தெரியாத வீட்டுக்கு வேலைக்குப் போனவர் மாதிரி, திறந்த கதவை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

"உள்ள வரலாமாம்மா?"

அக்கா சீப்பைத் தலையிலேயே வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.