இருநூற்று அறுபது ரூபாய் வீடு

வாடகை என்ற கட்டத்தில் 260 என்று அடித்துவிட்டு ஜெய்ராம் நிமிர்ந்து பார்த்தான். கொல்கத்தா செக்டர் ஃபைவ் ஆபீஸின் நான்காவது மாடி அமைதியாக இருந்தது. யாரோ மைக்ரோவேவில் மீன் குழம்பைச் சூடாக்கியிருந்தார்கள். ஏசி அந்த வாசனையை எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது.

260. பொய் இல்லை. அவன் குடியிருக்கும் வீட்டின் மாத வாடகை அதுதான்.

அடுத்த கட்டத்தில் 410 என்று அடித்தான். கீழ் வீட்டு லக்ஷ்மிநாராயணன் கொடுப்பது. அதுவும் பொய் இல்லை.

லாரி முதலாளிகளுக்கு மொபைலில் லோடு பிடித்துக் கொடுக்கும் சின்னக் கம்பெனி அது. மொத்தம் இருபத்திரண்டு பேர். சம்பளக் கணக்கு முழுவதும் ஜெய்ராம் கையில். இப்போது மும்பையிலிருந்து ஒரு முதலீட்டுக் கம்பெனி பணம் போடத் தயாராக இருந்தது. இன்னும் அறுபது பேரை வேலைக்கு எடுக்கலாம். ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

கொல்கத்தாவா, கோயம்புத்தூரா?

கோயம்புத்தூர் என்றால், முதல் சில வருடங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே திருப்பித் தரும். ஆபீஸ் வாடகையில் பாதி தரும். கொல்கத்தாப் பத்தியில் அரசுச் சலுகை என்ற வரிக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. இரண்டையும் நிறுத்துப் பார்க்கும் வேலையைக் கம்பெனியைத் தொடங்கிய மேக்னா சென் அவனிடம் கொடுத்திருந்தாள்.

"உங்க ஊருக்கே போகப் போறோம் போலிருக்கே ஜெய்ராம், சந்தோஷமா?"

"என் ஊர் லேக் மார்க்கெட், மேக்னாதி." மேக்னா அக்கா என்பதை ஊர் வழக்கில் அப்படித்தான் சொல்லவேண்டும்.

"அதுவும் மெட்ராஸ்தானே!" என்று சிரித்தாள். கொல்கத்தாவில் தமிழர்கள் காலங்காலமாகக் குடியிருக்கும் பேட்டை அது.

அவனும் சிரித்தான். மூன்று தலைமுறையாகச் சிரித்துவருகிற சிரிப்பு.

கொல்கத்தா ஜெயிக்க ஒரே வழிதான் இருந்தது. இங்கே வாழ்க்கைச் செலவு குறைவு, அதனால் சம்பளமும் குறைவாகக் கொடுக்கலாம் என்று காட்டவேண்டும். ஆபீஸில் ஆறு பேரிடம் வாடகை கேட்டான். பதினைந்து, பதினாறு, பதினெட்டாயிரம் என்றார்கள். சராசரி போட்டால் கோயம்புத்தூர் சுலபமாக ஜெயித்தது. அப்புறம்தான் தன் தெருவில் ஆறு வீடுகளைச் சேர்த்தான். எல்லாம் தாத்தா காலத்துக் குடித்தனம், தாத்தா காலத்து வாடகை. சராசரி சரசரவென்று இறங்கி எட்டாயிரத்தில் நின்றது.

குறைந்த சம்பளம் புதிதாக வரப்போகிறவர்களுக்குத்தானே, பேரம் பேசி ஏற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தான். அதற்குமேல் நினைக்கவில்லை. ஒன்றும் தோன்றவும் இல்லை.

அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினான்.

*

"கோயம்புத்தூர்னா நான் இப்பவே ரெடி," என்றாள் ஸ்னேகா, தோசையைத் திருப்பிக்கொண்டே. அவன் மனைவி, ஸ்கூலில் கணக்கு டீச்சர். "அங்கே இவ்ளோ வேர்க்காதாம்."

"வீடு?"

"சாவியை ப்ரோமோட்டர் கைல குடு. கூடவே ஒரு டப்பா சந்தேஷ் ஸ்வீட்டும் குடு. பாவம், எத்தனை வருஷமா காத்துண்டிருக்கான்."

"குடுப்பே, குடுப்பே!" ஹாலிலிருந்து அப்பா ராகவேந்திரனின் குரல் வந்தது. பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். "லேக் பக்கத்துல மூணு ரூம், பால்கனி. இருநூத்தி அறுபது ரூபாய்க்கு இந்தக் காலத்துல ரெண்டு கிலோ நல்ல அரிசி வருமாம்மா?"

"மழை பேஞ்சா நாலாவது ரூமும் வேணுமேப்பா, பக்கெட்டெல்லாம் வைக்க!"

"பக்கெட் வெச்சுண்டு உக்காந்தாதான் ஃப்ளாட்டு."

அதுதான் விஷயம். இடித்துவிட்டு ஃப்ளாட் கட்டும் எண்ணத்தில் கட்டிடத்தை ஒரு ப்ரோமோட்டர் வாங்கி வருடங்கள் ஆகிவிட்டன. இவர்கள் கொடுக்கும் வாடகையை அவர் கையால் தொடமாட்டார். தொட்டால் குடித்தனக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் அப்பா மாதாமாதம் ரென்ட் கண்ட்ரோல் ஆபீஸுக்குப் போய் அங்கே கட்டிவிட்டு வருவார். இடித்துக் கட்டும் நாளில் குடியிருக்கிறவர்களுக்குப் புதுக் கட்டிடத்தில் ஒரு ஃப்ளாட். கிடைத்தால் கோடி ரூபாய்ச் சமாசாரம். பூட்டிவிட்டு வெளியூர் போனவர்களுக்குக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான்.

அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகமுடியாது. அழைத்துக்கொண்டு போனால் வீடு போய்விடும். ஆபீஸ் இங்கேயே இருக்கவேண்டும்.

"உன் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்றாள் ஸ்னேகா.

"எப்படி?"

"ஒண்ணுமே இல்லாம."

*

மஹிமா புதன்கிழமை விமானத்தில் வந்தாள். முதலீட்டுக் கம்பெனியின் ஆள். முப்பது வயதிருக்கும், குரலை உயர்த்தத் தெரியாதவள்போல இருந்தாள். ஜெய்ராமின் கணக்கைத் திரையில் ஓடவிட்டு ஒரு வரியில் நிறுத்தினாள்.

"260. இது தட்டச்சுப் பிழையா?"

மேக்னா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவள் கொல்கத்தாக்காரி. பழைய குடித்தனம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அவளுக்கும் ஒரு வயதான அம்மா உண்டு, கரியாஹாட்டில் சொந்த வீடும் உண்டு. வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இல்லை. என் வீடு," என்றான் ஜெய்ராம்.

"பார்க்கலாமா?"

"வீட்டையா?"

"இந்த வாடகைக்கு வீடு இருந்தால் நான் பார்க்கவேண்டாமா?"

ஒரு மணி நேரத்தில் மூவரும் லேக் மார்க்கெட்டில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு விருந்தாளி என்றால் உற்சாகம். காப்பி வந்தது. ஆங்கிலம் வந்தது. பேங்க் காலத்துக் கோட்டை மட்டும்தான் போட்டுக்கொள்ளவில்லை.

மஹிமா கூரையைப் பார்த்தாள். ஒரு மூலையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. உயரமான ஜன்னல்களைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

"நீங்கள் காலி செய்தால், அடுத்து வருகிறவருக்கும் இதே வாடகைதானா சார்?"

ஜெய்ராமின் விரல் கப்பின் காதிலேயே நின்றது. அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்க்கவில்லை.

"இதே வாடகையா? நல்ல ஜோக்!" அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "இடிக்கற வரைக்கும் முப்பத்தைந்தாயிரம் கேட்பான்! ரெண்டு மாசத்துல ஆள் வரும். இந்த 260 எங்களுக்கு மட்டும்தான். வேற ஒருத்தருக்கும் கிடைக்காது!"

தெருவில் ஒரு ரிக்‌ஷாவின் மணி கேட்டது. மேக்னா கைப்பையில் எதையோ தேடினாள்.

போச்சு, என்று ஜெய்ராம் நினைத்தான். நினைத்ததோடு சரி. பயம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மஹிமா மிச்சமிருந்த காப்பியை நிதானமாகக் குடித்து முடித்தாள். "அருமையான காப்பி சார்," என்றாள்.

கீழே கார் காத்திருந்தது. மேக்னா முதலில் ஏறிக்கொண்டாள். மஹிமா மட்டும் கதவருகே நின்றாள்.

"கொல்கத்தாதான்," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. "அந்த எண் சரியில்லையே. அப்பா சொன்னது..."

"கேட்டேன். எங்கள் போர்டுக்கு ஒரு எண் வேண்டும். உங்களிடம் இருக்கிறது. வீடும் இருக்கிறது, நான் பார்த்தேன். அரசுச் சலுகை சில வருடத்தில் தீர்ந்துவிடும். குறைந்த சம்பளம் தீராது." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு விஷயம். ஒரே வேலைக்கு ஒரே ஆபீஸில் இரண்டு சம்பளம் வைக்கமுடியாது. ஏப்ரலிலிருந்து எல்லாருக்கும் உங்கள் அட்டவணைதான். பழைய ஆட்களுக்கும். உங்களுக்கும் சேர்த்து."

இந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாதிக் கணக்கு என் தெரு, அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள் என்று. சொன்னால் கோயம்புத்தூர். கோயம்புத்தூர் என்றால் மேலே பால்கனியில் நின்று கையசைத்துக்கொண்டிருக்கும் அப்பா. கைவிட்டுப் போகும் கோடி ரூபாய்.

"சரி," என்றான்.

கார் கிளம்பியது. அப்பாவுக்கு அவனும் கையசைத்தான்.

*

கடிதங்களை ஜெய்ராம்தான் அனுப்பினான். ஆளுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் குறைந்தது. மேக்னா ஒரு கூட்டம் போட்டு நீண்ட காலம், சேர்ந்து வளர்வது என்றெல்லாம் பேசினாள். யாரும் சண்டை போடவில்லை. அவரவர் இடத்துக்குத் திரும்பி அவரவர் மொபைலை எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் சத்யப்ரியா அவன் மேஜைக்கு வந்தாள். டெஸ்டிங் டீமில் இருப்பவள். அப்பாவுக்கு சாந்த்ராகாச்சி யார்டில் ரயில்வே வேலை. அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நியூ டவுனில் வாடகைக்கு வந்தார்கள். ஆபீஸில் இவர்கள் இரண்டு பேர்தான் தமிழ். அண்ணன் என்பதற்கு ஊர் வழக்கப்படி அவனை ஜெய்தா என்று கூப்பிடுவாள்.

"ஜெய்தா, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"லெட்டர்ல வாடகை எட்டாயிரம்னு போட்டிருக்கே. நியூ டவுன்ல எட்டாயிரத்துக்கு பைக் நிறுத்தத்தான் எடம் தருவான். எந்த வீட்டப் பாத்துப் போட்டீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு முயற்சி வேண்டியிருந்தது.

"எங்க வீட்டை."

"உங்க வாடகை எட்டாயிரமா?"

"இருநூத்தி அறுபது."

சத்யப்ரியா அவனையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பக்கத்து மேஜைக்காரன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பினான்.

"அய்யோ ஜெய்தா! நாங்க பதினெட்டு குடுக்கறோம். அப்பா பென்ஷன்ல பாதி அதுக்கே போவுது. சரி, ஒண்ணு பண்ணுங்க. அந்த வீட்ல ஒரு ரூம் தாங்க. நானும் இந்த சம்பளத்துல இருந்துக்கறேன். பௌதிகிட்ட, அதான் அண்ணிகிட்ட, கேட்டுச் சொல்லுங்க."

"சத்யா..."

"சும்மா சொன்னேன். ஒங்கள மாதிரி ஆளு வீட்ல என்னை மாதிரி ஆள எங்க விடுவீங்க." சிரிப்பு நின்றிருந்தது. "தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

"ஆமா."

"எதுக்கு?"

"வீட்டை விட முடியலை."

அவள் தலையாட்டினாள். வீடு என்றால் என்னவென்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தவளுக்கு விளக்கவேண்டியதில்லை. திரும்பித் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. திரையில் அடுத்த கடிதம் காத்திருந்தது.

*

முதலில் போனவள் சத்யப்ரியா. கோயம்புத்தூரில், அதே அரசுச் சலுகையில் தொடங்கிய இன்னொரு கம்பெனிக்கு. அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனாள். 'இங்க எல்லாரும் என் தமிழக் கேட்டு பெங்காலியான்னு கேக்கறாங்க' என்று ஒரு செய்தி அனுப்பினாள். அவன் ஒரு சிரிக்கிற பொம்மையைப் பதிலாகப் போட்டான். அதோடு சரி.

மழைக்காலம் முடிவதற்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள். அறுபது பேரை எடுக்க விளம்பரம் போட்டார்கள். இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் சம்பளத்தைக் கேட்டதும் காப்பியை மட்டும் குடித்துவிட்டு எழுந்தார்கள். ஒரு பையன் சேர்ந்தான். பூஜை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை.

மேக்னாவுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அம்மாவை அக்காவிடம் விட்டாள்.

"நீயும் எங்கேயாவது பாரேன், ஜெய்ராம்," என்றாள் கடைசி நாள்.

"நான் எங்கே போறது மேக்னாதி."

நாற்காலிகளை ஆட்கள் லிஃப்டில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மும்பையிலிருந்து மஹிமா போனில் வந்தாள். இவ்வளவு குறைந்த ஆட்களுக்கு ஆபீஸ் எதற்கு, வீட்டிலிருந்தே பார்க்கட்டும் என்றாள். ஜெய்ராமுக்கு வேலை உண்டு. அந்தச் சம்பளத்தில் அவனால் இருக்கமுடியும் என்பது அவளுக்குத் தெரியும். நேரில் வந்து பார்த்திருக்கிறாள்.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து லேப்டாப்பை வைத்தான். ஸ்னேகா ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"இனிமே தினமும் இங்கேதானா?"

"ஆமா."

"நல்லதுதான். அப்பாவுக்குத் துணை." செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு கணம் நின்றாள். "அந்த கோயம்புத்தூர்... நிஜமாவே அவாதான் வேண்டாம்னு சொன்னாளா?"

"கணக்குல வரலை."

அவள் கணக்கு டீச்சர். மேஜைமேல் இருந்த லேப்டாப்பை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு வாராந்திர மீட்டிங். திரையில் மும்பை ஆட்கள் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்தார்கள். கொல்கத்தா என்று பெயரிட்ட கட்டத்தில் அவன் முகமும், பின்னால் அந்த உயரமான ஜன்னலும் தெரிந்தன. அவனைத் தவிர கடைசியாக இருந்த டிசைனர் பெண் வெள்ளிக்கிழமையே விலகிவிட்டாள். அந்தச் செய்தி இன்னும் மும்பைக்குப் போய்ச் சேரவில்லை.

"கொல்கத்தா டீம், எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டாள் மஹிமா.

ஜெய்ராம் மைக்கைத் திறந்தான்.

"வந்தாச்சு," என்றான்.