ஆபிதா பீவியின் ஆயுசு

அமெரிக்காவில் ஆபிதா பீவி செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மேலப்பாளையத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். பீடி சுற்றினாள், மருமகளோடு சண்டை போட்டாள், மாதம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்க வந்தாள். விரலில் குத்தும்போது மட்டும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அவளைக் கொன்றது டாக்டர் சுப்ரஜா. மருந்து மாறியோ ஊசி மாறியோ அல்ல, ஒரு கட்டுரையில்.

சுப்ரஜா பாளையங்கோட்டைப் பெண். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேலப்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தாள். இங்கே மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இரண்டு முறை முட்டிப் பார்த்தும் பொது மருத்துவம் கிடைக்கவில்லை. பிறகு ராவும் பகலுமாகப் படித்து அமெரிக்கத் தேர்வுகளை எழுதித் தேறினாள். ஆனால் அங்கே மார்க்கை மட்டும் பார்த்து யாரும் மேற்படிப்புக்கு ரெசிடென்ட் டாக்டராகச் சேர்த்துக்கொள்வதில்லை. ‘நான் ஏன் டாக்டரானேன்’ என்று ஒரு பக்கத்துக்குக் கட்டுரை எழுதி விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டும். படிக்கிறவர் கண் கலங்க வேண்டும் என்று முன்பே இடம் கிடைத்துப் போனவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நாலு விடையில் சரியானதைக் கறுப்பாக்கியே வளர்ந்த பிள்ளை யாரைப் போய் அழவைக்கும்?

உள்ளதை உள்ளபடிதான் முதலில் எழுதினாள். ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது சர்க்கரை ஏகத்துக்கும் ஏறி, மயங்கிய நிலையில் ஆபிதா பீவியைக் கொண்டுவந்து போட்டார்கள். நாலு நாள் பாடுபட்டுப் பிழைக்கவைத்தார்கள். ஏன் இன்சுலினை நிறுத்தினாள் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சுப்ரஜாதான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது இது என்று பேச்சுக் கொடுத்து, விஷயத்தைக் கறந்தாள். மருந்து பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை. அவள் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஆபிதா பீவி ஊசியையே விட்டுவிட்டாள். ஒரு மண்பானையில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் மருந்தைச் செருகி வைக்கச் சொன்னாள் சுப்ரஜா. அன்றிலிருந்து இன்றுவரை ஊசி நிற்கவில்லை. அவ்வளவுதான் கதை.

எழுதிப் படித்துப் பார்த்தபோது அவளுக்கே சப்பென்று இருந்தது. சாட்பாட்டில் கொண்டுபோய்ப் போட்டு, ‘மனதைத் தொடுகிற மாதிரி மாற்றிக் கொடு’ என்று கேட்டாள். அது மாற்றிக் கொடுத்தது. எப்படிப்பட்ட ஆங்கிலம்! கடைசிப் பத்தியில் ஆபிதா பீவி இறந்துபோகிறாள். அவளுடைய மகள் அந்த மண்பானையை எடுத்துவந்து இளம் மருத்துவரின் கையில் கொடுக்கிறாள். அந்த இடத்தைப் படித்தபோது, முந்தின நாள்தான் ஆபிதா பீவியைப் பார்த்திருந்த சுப்ரஜாவுக்கே கண் கலங்கிவிட்டது.

அதற்குக் கீழே சாட்பாட் ஒரு குறிப்பும் எழுதியிருந்தது. இந்த முடிவை நானாகச் சேர்த்திருக்கிறேன், உண்மையில் அப்படி நடக்கவில்லை என்றால் மாற்றிவிடுங்கள் என்று. சுப்ரஜா அந்தக் குறிப்பை மட்டும் அழித்தாள். மற்றதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு ஆபிதா பீவி வரும்போதெல்லாம் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. சர்க்கரை பார்க்கிற மெஷினைப் பார்த்தே பேசினாள்.

எத்தனையோ ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பித்ததில் ஒரே ஒரு இடத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதுவும் பனி கொட்டுகிற ஏதோ ஒரு சின்ன ஊர். இது போனால் அந்த வருஷமே போச்சு. அப்பா நாறும்பூநாதன் கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ‘மக அமெரிக்கா போறா’ என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். காய்கறி வாங்கப் போன இடத்தில்கூட அதே பேச்சு.

தினமும் சாயங்காலம் போனை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு சாட்பாட்டோடு பேசிப் பழகினாள் சுப்ரஜா. கேள்வி கேட்பதும் அதுதான், பதிலுக்கு மார்க் போடுவதும் அதுதான். ‘உங்கள் நோயாளி இறந்தபோது என்ன நினைத்தீர்கள்?’ என்று அது கேட்கும். இவள் எந்தச் சொல்லுக்கு முன்னால் குரல் தாழ வேண்டும் என்பதுவரை தயார் செய்து வைத்திருந்தாள். மிக உருக்கமான பதில் என்று அது பாராட்டும்.

அம்மா சித்ரலேகா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தியவள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் எழுந்துவந்து நின்றாள். ஆபிதா பீவியின் சண்டைகளெல்லாம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிரசித்தம்.

“ஏட்டி, ஆபிதா பீவி எப்பம் செத்தா? போன வாரங்கூட மருமவள ஏசுனான்னு சொன்னியே.”

“சாகலம்மா. கட்டுரைக்காக அப்படி வச்சிருக்கு.”

“கட்டுரைக்காகவா? உசுரோட இருக்கவள செத்துட்டா செத்துட்டான்னு தெனமும் வெளக்கு வைக்க நேரத்துல சொல்லிக்கிட்டு இருக்கியா? வாயக் கழுவுட்டி மொதல்ல!”

“நீ சும்மா இரு,” என்றார் நாறும்பூநாதன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். “எழுதுததுன்னா அங்கன இங்கன கூடக்கொறய இருக்கத்தான் செய்யும். அமெரிக்காக்காரன் மேலப்பாளையத்துல வந்து எண்ணியா பாக்கப்போறான்?”

“நான் எழுதலம்மா. மெஷின் எழுதுனது,” என்றாள் சுப்ரஜா.

“எழுதுனது மெஷின். வச்சுக்கிட்டது யாரு?”

சுப்ரஜா போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மறுநாளிலிருந்து மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினாள்.

நேர்முகத் தேர்வு அன்று, அவர்களுக்குக் காலை, இங்கே விளக்கு வைக்கிற நேரம். அம்மா அர்ச்சனைத் தட்டோடு திரிபுராந்தீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தாள். ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது மூச்சு வாங்க மாடியேறி வந்து, மகளின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

“இருந்திருந்து எனக்காகக் கோயில்ல கூட்டத்துல நின்னியாம்மா?” என்றாள் சுப்ரஜா. அவளுக்குப் பாவமாக இருந்தது.

“ஒனக்கு இல்ல. அந்தப் பொம்பளைக்கு. குருக்கள் பேரக் கேட்டாரு, சொன்னேன். சரியா காதுல விழலியோன்னு மறுபடியும் கேட்டாரு. ஆபிதா பீவின்னு நல்லா சத்தமாவே சொன்னேன். நட்சத்திரம் தெரியாதுன்னேன். சரிம்மா, சாமி நட்சத்திரம் திருவாதிரையிலயே பண்ணிருதேன்னுட்டாரு. நல்ல மனுஷன்.”

“எனக்குப் பண்ணலியா?”

“ஒனக்கு என்ன, நீ நல்லாத்தான இருக்க? செத்துப்போனது அவள்லா.”

சொல்லிவிட்டு அம்மா கீழே போய்விட்டாள். சுப்ரஜாவுக்குத் திருநீற்றைத் துடைத்துவிடலாமா என்று நெற்றிக்குக் கை போனது, துடைக்க மனசு வரவில்லை.

திரையில் மூன்று பேர் வந்தார்கள். படிப்பைப் பற்றி, வேலையைப் பற்றிக் கேட்டார்கள். நன்றாகவே பதில் சொன்னாள். ஒருவர் சிரித்துத் தலையாட்டினார். கடைசியாக, நரைத்த தலையோடு ஓர் அம்மாள் கையில் கட்டுரையை வைத்துக்கொண்டு பேசினார். இந்த வருஷம் வந்த கட்டுரைகளில் இதை மட்டும் தன் கணவருக்கு வாசித்துக் காட்டியதாகச் சொன்னார்.

“ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பானையை இன்னும் வைத்திருக்கிறீர்களா?”

சாட்பாட் ஒருநாளும் கேட்காத கேள்வி. குரலைத் தாழ்த்தி வைத்திருந்த பதில் எதுவும் இதற்குச் செல்லாது. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், இடம் கிட்டத்தட்டக் கைக்கு வந்த மாதிரிதான். சுப்ரஜா வாயைத் திறந்தாள். செத்துப்போனது அவள்லா என்று அம்மா சொன்னதுதான் காதில் நின்றது.

“பானை என்னிடம் இல்லை டாக்டர். அது ஆபிதா பீவியிடம்தான் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கிறார்.”

அந்த அம்மாள் காகிதத்தைக் கீழே வைத்தார். “அப்படியென்றால் ஏன் இப்படி எழுதினீர்கள்?”

“சாட்பாட் அந்த முடிவைச் சேர்த்தது. உண்மை இல்லையென்றால் எடுத்துவிடவும் சொன்னது. நான்தான் எடுக்கவில்லை. அவர் பிழைத்த கதை எனக்குச் சாதாரணமாகத் தெரிந்தது.”

சொன்னதற்கு நன்றி என்றார் அந்த அம்மாள். மற்ற இரண்டு பேரும் வேறெதுவும் கேட்கவில்லை. திரை அணைந்துவிட்டது.

கதவுக்கு வெளியே நாறும்பூநாதன் நின்றுகொண்டிருந்தார். “சொல்லிட்டியா?” என்றார்.

“சொல்லிட்டேன்பா.”

அவர் பைய மாடிப்படி இறங்கிப் போனார். அதன்பிறகு அவர் காய்கறிக் கடைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார்.

மார்ச் மாதத்தில் முடிவு வந்தது. இடம் இல்லை. அன்று சொன்னதுதான் காரணமா, வேறு ஏதாவதா என்று யாரும் சொல்லப்போவதில்லை. சுப்ரஜா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அன்றைக்கென்று ஆபிதா பீவி வந்து உட்கார்ந்தாள்.

“என்ன டாக்டரம்மா, மொகம் வாடிக் கெடக்கு? அமெரிக்காவுலேருந்து ஒண்ணும் வரலியா?”

“வந்துட்டு. எடம் இல்லன்னுட்டாங்க.”

“ஏனாம்?”

சுப்ரஜா இந்தத் தடவை மெஷினைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டுரை, பானை, அம்மா செய்த அர்ச்சனை, எதையும் விடவில்லை. ஆபிதா பீவி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“என்னைய மவுத்தாக்கிட்டியளா?”

“ஆமா. மன்னிச்சிருங்க.”

“எதுல மவுத்தானேன்?”

“சக்கரையில.”

“சக்கரையிலயா!” அப்போதுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. “வேளை தப்பாம ஊசி போட்டு, விடிஞ்சா எந்திரிச்சா பானைக்குத் தண்ணி தெளிச்சு, வாயக் கட்டிக் கெடக்கேன். நானா சக்கரையில சாவேன்? அப்பம் நீங்க பாத்த வைத்தியம் என்னத்துக்கு? எனக்கு இல்ல தாயி, ஒங்களுக்குல்லா அது கொறச்சல்!”

சுப்ரஜாவுக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளில் அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவருக்கும், எழுதி அனுப்பிய அவளுக்கும், இது தோன்றவே இல்லை.

“ஒங்க அம்மாட்ட சொல்லுங்க, எனக்கு ஆயுசு கெட்டின்னு. உசுரோட இருக்கும்போதே செத்துட்டான்னு சொல்லிட்டா ஆயுசு கூடும்லா?” ஆபிதா பீவி முந்தானையை இழுத்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “அடுத்த வருசம் எழுதுனா என்னைய ஹயாத்தா, உசுரோடவே போடுங்க. சண்டக்காரின்னு வேணும்னாலும் போட்டுக்கிடுங்க, எனக்கு ஒண்ணுமில்ல.”

நேற்று வராத அழுகை இப்போது வந்தது. அடுத்த நோயாளி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். சுப்ரஜாவால் நிறுத்த முடியவில்லை.

“நல்லாருக்கே கத!” என்றாள் ஆபிதா பீவி. “மவுத்தானது நானு, அழுவுதது நீங்களா? குத்துங்க, பீடி எலை நனைச்சு வச்சிட்டு வந்திருக்கேன்.”

விரலை நீட்டினாள். நீட்டிவிட்டு, எப்போதும்போல முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.