தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை

எங்கள் மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல் தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை. என் மாமனார் அதை ஈயம் ஊற்றி அடைத்தார். "எந்த மடையன் தொட்டியில ஓட்டை போட்டான்?" என்று சாகும்வரை திட்டினார்.

தொட்டி இடிந்த கிறிஸ்தவ மடத்திலிருந்து வந்தது. பல தலைமுறைக்கு முன்னால் அரசர் மடங்களை மூடித் துறவிகளை விரட்டிய நாளிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் காசு கொடுத்துக் கல் வாங்கியதில்லை. என் வீட்டு வாசற்படியும் அங்கே கிடந்ததுதான்.

மேல்வயலில் ஆறடி நீளத்துக்கு ஒரு புல்திட்டு உண்டு. அதில் ஏர் படக்கூடாது என்பது வீட்டு வழக்கம். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. போன குளிரில் கொட்டகைக் கூரை சரிந்து இரண்டு கன்றுகளைப் பறிகொடுத்தேன். இந்தக் குளிருக்குள் புதுக் கொட்டகை எழும்பியாக வேண்டும். என் கோஸ் பாத்தியை விட்டால், தண்ணீர் தேங்காத இடம் அந்தத் திட்டைச் சுற்றித்தான். வழக்கமாவது மண்ணாவது என்று கொழுந்தன் ஜேபெஸை விட்டு முளை அடித்துக் கயிறு கட்டச் சொன்னேன்.

மறுநாள், பழைய மடத்தை ஆராய்ச்சிக்காக அளக்க வந்த மிஸ் ஆட்லி தொட்டியருகே மண்டியிட்டார்.

"இது தொட்டி இல்லீங்கம்மா. தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல், பாருங்க. மடத்துத் தலைவர் ஒருத்தரோட சவப்பெட்டி. உடம்பு நீர் வடியத்தான் அந்த ஓட்டை."

"ஐயையோ அண்ணி! நம்ம மாடெல்லாம் இத்தனை நாளா சாமியார் கஷாயமா குடிச்சுது?" என்றான் ஜேபெஸ்.

"சும்மா இரு தம்பி."

மிஸ் ஆட்லி சிரிக்கவில்லை. "உள்ளே இருந்தவர் எங்கேம்மா?" என்று கேட்டார்.

நானும் ஜேபெஸும் ஒரே நேரத்தில் மேல்வயலைப் பார்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் போனதும் ஜேபெஸ் மெல்லச் சொன்னான்: "நாளைக்குக் கடப்பாரை போட இருந்தோமே அண்ணி."

"முளையைப் பிடுங்கிடு."

"அப்ப கொட்டகை?"

"என் கோஸ் பாத்தியில கட்டு."

அவன் வாய் பிளந்தான். சந்தையில் நடக்கும் காய்கறிப் போட்டியில் பதினோரு வருஷமாக முதல் பரிசு வாங்கும் பாத்தி அது. அதன் மண்ணில் ஜேபெஸைக்கூட நான் கால்வைக்க விட்டதில்லை.

"நெஜமாவா அண்ணி?"

"மேட்டுல இருக்கு, தண்ணி நிக்காது. போ, மனசு மாறறதுக்குள்ள."

அன்றைக்கே கோஸைப் பிடுங்கினேன். அழுகை வந்தது, அழுதேன். மாட்டுக்குத் தொட்டி வேண்டும் என்று அந்த மனிதரைப் பெட்டியிலிருந்து கொட்டியவர்கள் எங்கள் வீட்டு முன்னோர்தான். ஆனால் வயல் முழுக்கத் தேடி, ஈரம் படாத இடமாகப் பார்த்துப் படுக்க வைத்திருக்கிறார்கள்.